ஆறு அறைகளும் ஒரு மேகசினும்

ஓவேலிப் பள்ளத்தாக்கில் எல்லமலைப் பக்கம் கொஞ்சம் தேயிலையும் அதன் நிழல்மரங்களில் மிளகுக் கொடியும் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு, நீண்ட அலைச்சலுக்குப் பிறகு கைத்துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்தது. கூடலூரிலிருந்து இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். லைசென்ஸ் புத்தகத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு, "அண்ணே, ரிவால்வர் வாங்கறதா பிஸ்டல் வாங்கறதா? கடைக்காரரு ரெண்டும் நல்லதுதாங்கறாரு. சட்டைக்குள்ள தெரியக் கூடாது, எடுத்தா ஏமாத்தக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு" என்றார்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் எங்கே நல்லது, யார் கையில் நல்லது என்று அவர் சொல்லவில்லை. ஆனி பிறந்தால் புரட்டாசி வரை ஓயாத மழை, பீரோவுக்குள் மடித்து வைத்த வேட்டிகூடப் பூசணம் பூக்கும் ஈரம், சுட்டுப் பழக இடமில்லாத பள்ளத்தாக்கு. இந்த மூன்றையும் கணக்கில் எடுக்காமல் இந்த இரண்டையும் ஒப்பிட முடியாது. நண்பருக்கு அன்று ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால் இது.

முதலில் கடையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சட்டைப்பைக்குள் அடங்கும் பிஸ்டல் வேண்டுமென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐம்பது வகை இருக்கும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் படையும் போலீசும் பயன்படுத்தும் பாயிண்ட் 38, 9 மில்லிமீட்டர் போன்ற அளவுகளைத் தடைசெய்யப்பட்ட பட்டியலில் வைத்துவிட்டன. வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சாதாரண ஆள் தருவித்துக்கொள்ளும் வழி 1980களின் நடுவிலேயே ஏறக்குறைய அடைந்துபோயிற்று. மிச்சம் இருப்பது பெரும்பாலும் பாயிண்ட் 32. அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் செய்யும் பாயிண்ட் 32 ரிவால்வர் ஒரு பக்கம், அதே அரசின் 'அஷானி' என்கிற பாயிண்ட் 32 பிஸ்டல் இன்னொரு பக்கம். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, துப்பாக்கி செய்யும் வேலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்துக்குப் போனது. நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் அதற்குள்தான் இருக்கிறது.

ரிவால்வர் பக்கம் உறவுக்காரர்கள் கொஞ்சம் உண்டு. பழைய கான்பூர் ரிவால்வர், பிரிட்டிஷ் வெப்ளியின் நான்காம் மாதிரியைப் பார்த்துச் செய்தது. நடுவில் ஒடித்தால் வாய் திறக்கும், ஆறு அறை. எடை முக்கால் கிலோவை ஒட்டி வரும். 2014இல் 'நிர்பீக்' வந்தது. டெல்லிக் கூட்டு வன்கொடுமைச் சம்பவத்துக்குப் பின் பெண்களின் கைப்பைக்கு என்று விளம்பரம் செய்து, டைட்டானியம் கலந்த உலோகத்தில் அரைக் கிலோவுக்கு இறக்கினார்கள். விலை ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி இருந்தது. அந்தக் காசுக்கு எந்தப் பெண் வாங்குவாள் என்று அப்போதே கேட்டார்கள், கேட்டது நியாயம்தான். அதற்கும் சின்னது, கால் கிலோ எடையில் பாயிண்ட் 22இல் 'நிடர்'. 2023இல் 'பிரபல்', இதன் சிலிண்டர் பக்கவாட்டில் சாய்ந்து திறக்கும். வெப்ளி கம்பெனியே உத்தரப் பிரதேசத்துச் சண்டிலாவில் கூட்டுத்தொழிலாக வந்து ரிவால்வர் செய்ய ஆரம்பித்ததும் இந்தச் சில ஆண்டுகளில்தான். பிஸ்டல் பக்கம் இத்தனை கூட்டம் இல்லை.

இரண்டுக்கும் பாயிண்ட் 32 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் தோட்டா ஒன்றல்ல. புதிதாக வாங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ரிவால்வரின் தோட்டா 1890களில் ஸ்மித் அண்டு வெஸன் கொண்டுவந்த நீளத் தோட்டா. அடியில் அகன்ற விளிம்பு, அந்த விளிம்பில்தான் அறைக்குள் தொங்கி நிற்கும். பிஸ்டலின் தோட்டா ஜான் பிரௌனிங் 1899இல் வடிவமைத்தது. குட்டை, விளிம்பு இருந்தும் இல்லாததுபோல் அரைகுறை. ஒன்றை மற்றதில் போட முடியாது. ரிவால்வர் ரவையின் எடை ஆறு கிராமுக்குச் சற்று மேல், பிஸ்டலினுடையது நாலரைக் கிராம் சொச்சம். இன்றைய அளவுகோலில் இரண்டுமே மெலிந்தவை. ஆகவே பலத்தை வைத்து இவற்றுக்குள் தேர்ந்தெடுப்பது, இரண்டு சுண்டெலிகளில் எது பெருச்சாளி என்று பார்ப்பது மாதிரி.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. ரிவால்வரில் எல்லா வேலையும் சுடுபவர் விரல் செய்கிறது. விசையை இழுக்க இழுக்க சிலிண்டர் ஒரு அறை நகர்கிறது, குதிரை பின்னால் போய் விழுகிறது. முந்தைய தோட்டா வெடித்ததா, வெறுமனே 'டிக்' என்றதா என்பது அடுத்த தோட்டாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பிஸ்டலில் முதல் தோட்டாவுக்கு மட்டும்தான் கை வேலை செய்கிறது. இரண்டாவது தோட்டாவை உள்ளே ஏற்றுவது முதல் தோட்டாவின் வெடிப்பு. அந்த உதை பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளி, வெறுங்குப்பியை வெளியே வீசி, ஸ்பிரிங்கின் பலத்தில் திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்ததை வாரிக்கொண்டு வருகிறது. கண் சிமிட்டும் நேரத்தில் இத்தனையும் நடக்கிறது, அழகான ஏற்பாடு. ஆனால் இது ஒரு சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி நமுத்துப் போனால் சங்கிலி அங்கேயே நிற்கும்.

நமுத்துப் போவது என்ற சொல்லை ஓவேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தீபாவளிப் பட்டாசை அடுப்புக்கு மேலே பரணில் வைப்பவர்கள் அவர்கள். தோட்டா பட்டாசைவிட நன்றாக மூடப்பட்டது, ஒரு மழைக்கு நமுத்துவிடாது. ஆனால் வருஷக்கணக்காக அதே தோட்டாவை உறையில் செருகி, உடம்பு வேர்வையும் மூடுபனியும் மாறி மாறிப் படவிட்டால் பித்தளையில் பச்சை பூக்கும், அடியில் இருக்கும் வெடிமருந்துப் பொட்டு மந்தமாகும். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோல் பதனிட்ட உப்பு இரும்பைத் தின்னும். துப்பாக்கியை உறையிலேயே போட்டுப் பீரோவில் பூட்டுவதைவிட மோசமான பழக்கம் இந்த மலையில் வேறில்லை.

அப்படி மந்தமான ஒரு தோட்டா சிக்கினால்? ரிவால்வர்காரர் மறுபடி இழுக்கிறார், அடுத்த அறை வருகிறது. இதைக் கற்றுக்கொள்ளத் தனிப்பாடம் வேண்டியதில்லை, பயந்த விரல் தானாகவே மறுபடி இழுக்கும். பிஸ்டல்காரர் மேகசினின் அடியைத் தட்டி, இன்னொரு கையால் ஸ்லைடை இழுத்து, கெட்டதை வெளியே தள்ளி, புதியதை ஏற்ற வேண்டும். பழகியவருக்கு ஒரு நொடி. பழகாதவருக்கு அந்த நொடி வரவே வராது. கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார். தோட்டா அடியோடு கெடாமல் பாதி பலத்தில் வெடித்தாலும் பிஸ்டலுக்குச் சிக்கல்தான். ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, வெறுங்குப்பி வாயிலில் மாட்டிக்கொள்ளும். பிடித்த மணிக்கட்டு தளர்ந்திருந்தாலும் இதே கதை.

தமிழ்நாட்டின் இரண்டு பழைய கதைகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டும் நல்ல காரியங்களாக இந்தக் கட்டுரைக்குள் வரவில்லை, கருவியைப் பற்றிய சாட்சியாக மட்டும் வருகின்றன.

1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையம். கலெக்டர் ஆஷ் உட்கார்ந்திருந்த பெட்டிக்குள் ஏறிய வாஞ்சிநாதனிடம் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். தட்டையாக, மடியில் அடங்குகிற பொருள். எடுக்கும்வரை அது இருப்பது யாருக்கும் தெரியவில்லை. தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் இந்தப் பிஸ்டல் அப்போது உலகத்துக்கே புதுசு. ஆனால் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் வாஞ்சி பெற்றதாகச் சொல்லப்படும் துப்பாக்கிப் பயிற்சியைப் பற்றி அந்தக் காலத்து வரலாறு பேசுகிறது. புதிய கருவி, கையில் பழக்கம்.

1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டது ரிவால்வரால். குண்டு காதுப் பக்கம் கழுத்தில் பாய்ந்து அங்கேயே நின்றது. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள், எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. அத்தனை அருகில் சுட்டும் எப்படிப் பிழைத்தார்கள் என்ற கேள்விக்கு அன்றிலிருந்து சொல்லப்படும் விளக்கம், தோட்டாக்கள் பல வருஷங்களுக்கு முன் வாங்கிப் போட்டவை, வீரியம் போனவை என்பது. அந்த விளக்கம் சரியானால் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. வீரியம் போன தோட்டாவோடும் ரிவால்வர் தடங்கலில்லாமல் அடுத்தடுத்துச் சுட்டது. அதே பழைய சரக்கைப் பிஸ்டலில் போட்டிருந்தால் முதல் குண்டோடு ஸ்லைடு பாதியில் நின்றிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இரண்டு கதையையும் சேர்த்துப் பார்த்தால், நம்பகம் என்று நாம் சொல்வது கருவியின் குணம் பாதி, அதை வைத்திருக்கிறவர் அதற்குக் கொடுத்த நேரம் பாதி என்று தெரிகிறது. நேரம் கொடுக்க முடிகிறவருக்குப் பிஸ்டல் கடன் வைக்காது. கொடுக்காதவரையும் ரிவால்வர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

ஓவேலிக்காரரால் எவ்வளவு நேரம் கொடுக்க முடியும்? லைசென்ஸில் ஒரு சமயத்தில் கையில் இத்தனை தோட்டா, வருஷத்துக்கு இத்தனை என்று எழுதியிருக்கும். வாங்கியதைக் காட்டிக் கணக்குச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நூல்களில், புதுப் பிஸ்டலை இடுப்பில் செருகுவதற்கு முன் எந்தத் தோட்டாவை வைத்துக்கொள்ளப் போகிறீர்களோ அதிலேயே இருநூறு சுட்டுப் பாருங்கள், ஒன்றும் சிக்கவில்லை என்றால் நம்புங்கள் என்பார்கள். மிக நல்ல அறிவுரை. ஆனால் இங்கே அப்படிச் சுட்டால் பரிசோதனை முடியும்போது கையிருப்பும் முடிந்துவிடும். சுடுவதற்கு இடம் எங்கே? தேயிலைச் சரிவில் சுட முடியாது. ஒரு சத்தம் கேட்டால் வனத்துறை ஜீப் வந்து நிற்கும், வர வேண்டியதுதான். முறையாகச் சுட ரைஃபிள் கிளப்புக்குப் போக வேண்டும். கூடலூருக்கு இறங்கி, ஊட்டிக்கு ஏறி, மறுபடி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக் கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு நாள் செத்துவிடும். வருஷத்துக்கு ஒரு முறை போனால் பெரிது.

இந்த நிலவரத்தில், சரிபார்க்க அதிகத் தோட்டா கேட்காத கருவிக்கு ஒரு மதிப்பு வருகிறது. ரிவால்வரில் ஆறு அறையையும் இரண்டு சுற்றுச் சுட்டுப் பார்த்தால் இயந்திரத்தைப் பற்றித் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும். பிஸ்டலில் இந்த மேகசின், இந்தத் தோட்டா, இந்தக் கை என்று மூன்றும் சேர்ந்து ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

மறைத்து வைப்பதில் மட்டும் பிஸ்டலை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதில் நம் சட்டம் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போவதுதான் பல காலம் தனி அனுமதி கேட்டது. வெளியே தெரியத் தொங்கவிடுவதைப் பல மாநிலங்கள் கண்டுகொள்ளவில்லை. நமது 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளோ, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ அதற்கான பையிலோ இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவரின் பிடிக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. கல்யாண ஊர்வலத்தில் தூக்கிக் காட்டுவது குற்றம். ஆக, "தெரியக் கூடாது" என்று நண்பர் கேட்டது ஆசைக்காக என்றாலும் சட்டத்துக்கும் அதுவே சரி.

ரிவால்வரின் பிரச்சினை அதன் வயிறு. ஆறு தோட்டா வட்டமாக நிற்பதால் சிலிண்டர் புடைத்துக்கொண்டே இருக்கும், எவ்வளவு எடை குறைத்தாலும் அது சப்பையாகாது. பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதால் முழுசும் ஒரு தடித்த பர்ஸ் அளவுக்குப் படிந்துவிடும். மெட்ராஸ் வெயிலில் மெல்லிய சட்டை போடுபவருக்கு இது பெரிய வித்தியாசம். ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வருஷத்தில் பாதி நாள் திரிகிற ஊரில் அவ்வளவு பெரிதில்லை. மலைக் குளிர் ரிவால்வரின் தொப்பையை மன்னித்துவிடுகிறது.

பைக்குள் வைப்பதானால் இரண்டுக்கும் ஒரே விதி. அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, வெற்றிலைப் பொட்டலம் எதுவும். விசையை முழுக்க மூடும் உறை இல்லாமல் வைக்கவே கூடாது. பைத்தூசியும் பஞ்சும் பிஸ்டலின் ஸ்லைடு ஓடும் பள்ளத்தில் போய் உட்காரும். ரிவால்வரின் குதிரைக் கொம்பு எடுக்கும்போது துணியில் மாட்டும். எதில் எது மாட்டும் என்பதை வீட்டில், தோட்டா போடாமல், பல முறை எடுத்துப் பார்த்துத்தான் அறிய முடியும். இந்தப் பயிற்சிக்குக் காசு ஆகாது, கோயம்புத்தூரும் போக வேண்டாம்.

இன்னொரு விஷயம் இந்தச் சரிவுகளோடு சம்பந்தப்பட்டது. தேயிலைக்கு நடுவே நடக்கிறவர் வருஷத்தில் இரண்டு தடவையாவது வழுக்கி விழுவார். பாசிபிடித்த கல்படி யாரையும் விடாது. பிஸ்டலின் குழல் அறையில் தோட்டா ஏற்றியிருந்தால், அவரைக் காப்பது அந்தச் சின்ன சேஃப்டி நெம்புகோலும் அதை மறக்காமல் போட்ட அவர் ஞாபகமும்தான். ஏற்றாமல் வைத்தால் பயமில்லை, ஆனால் தேவைப்படும்போது ஸ்லைடை இழுக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையில் குடையோ டார்ச்சோ இருக்கும். ரிவால்வரின் விசை நீளமாகவும் கனமாகவும் இருப்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள், குறி தப்பும் என்பார்கள். உண்மை. அதே கனம்தான் தற்செயலாக இழுபடாமல் தடுக்கிறது. வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நண்பர் சொன்னபோது எனக்கு இந்தக் கனத்தின் மேல் மரியாதை கூடிற்று. அதற்காக அதைப் பூட்டுக்கு மாற்றாக நினைத்துவிடக் கூடாது, பூட்டு பூட்டுதான்.

பழைய வெளிநாட்டுப் பிஸ்டல்களைப் பற்றி ஒரு வார்த்தை. எஸ்டேட் காலத்து வால்தர், கோல்ட், வெப்ளி என்று சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இறக்குமதி நின்றதால் விலை தங்கத்தோடு போட்டி போடுகிறது. பார்க்க நகை மாதிரி இருக்கும். வாங்குகிறவர் நகையாகவே வாங்கட்டும். அறுபது வருஷம் அழுந்திக் கிடந்த மேகசின் ஸ்பிரிங்கின் மேல் உயிரை வைப்பது சரியில்லை, மாற்று ஸ்பிரிங் கடையில் கிடைக்கவும் கிடைக்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே வாங்கிப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று இன்னொன்றுக்குத் தாவுவதும் எளிதில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர், "அப்ப யானைக்கு எது?" என்றார். அவர் மனசில் முதலிலிருந்தே இருந்த கேள்வி அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. ஜேம்ஸ் ஆக்டர்லோனி காப்பித் தோட்டம் போட்டு, அந்தப் பெயரே தேய்ந்து ஓவேலியாகிப்போன காலத்திலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் மனிதனின் பயம் யானைதான். 12 பேர் சாவுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட 'ராதாகிருஷ்ணன்' யானையை 2025 செப்டம்பரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தவர்களிடம் இருந்தது மருத்துவர்கள், கும்கிகள், பல நாள் பொறுமை.

பாயிண்ட் 32 யானைக்கு எறும்புக்கடி. அது ரிவால்வரானாலும் பிஸ்டலானாலும் வலியும் சத்தமும் கொடுத்து, விலகிப் போக இருந்ததைத் திருப்பி நம் பக்கம் கொண்டுவரும். அதோடு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் துப்பாக்கி உரிமக்காரர்கள் வனத்துறையிடம் பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்த எல்லைக்குள் புது உரிமம் கொடுக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவும் வேண்டும். ஒரு பக்கம் முதுமலை, மலைமுகட்டில் முக்குருத்தி. இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு இந்த விதியைத் தெரியாது என்று சொல்ல முடியாது. யானைக்கு டார்ச்சும், இருட்டிய பிறகு வெளியே போகாத பிடிவாதமும்தான் என்றேன். அவருக்கு அது ஏமாற்றமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது.

மிளகுப் பணத்தோடு சூண்டி வழியாக இரவில் தனியாக வர வேண்டியிருக்கிறது என்பதுதான் அவர் மனுவில் எழுதியிருந்த காரணம். அந்தக் காரணத்துக்கு, அந்த மழைக்கு, வருஷத்துக்கு ஒரு நாள் சுடப் போகிற அந்தக் கைக்கு ரிவால்வர் என்று சொன்னேன். சமவெளியில், மாதம் இருமுறை கிளப்புக்குப் போகிறவராக இருந்தால் பிஸ்டல் என்று சொல்லியிருப்பேன், தயங்காமல்.

கான்பூர் ரிவால்வருக்குப் பதிந்தார். வந்ததும் காட்டினார். தோட்டாக்களை, கழுவிக் காயவைத்த ஊறுகாய் ஜாடியில் மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு போட்டு, வாங்கிய தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி அவர் அரைஞாணில். பிறகு தேர்தல் அறிவித்தார்கள். உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, ஸ்டேஷனில் கொடுத்து, ரசீது வாங்கி வந்தார். திரும்பி வரும்போது துரு பிடித்திருக்குமோ என்று இப்போது வாரம் ஒருமுறை எனக்குப் போன் செய்கிறார்.